செவிலியக் கோட்பாடுகள்: ஒரு 8 வார இணைய வகுப்பு பற்றிய மதிப்புரை

பொது மருத்துவப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றிவரும் நான், தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று ஞாயிறுதோறும் மாலையில் நடத்திய 8 வார இணைய வகுப்பில் 1,800 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். செவிலியக் கோட்பாடுகளின் அறிமுகமும் நடைமுறையும் என்று விளம்பரத்தில் இருந்தது. பட்டப்படிப்பின் முதலாண்டில் பெயர், ஆண்டு, படம் என்று இவற்றை மனப்பாடம் செய்து தேர்வெழுதியதோடு சரி; அதன்பின் வார்டில் ஒருநாளும் அவற்றை நினைத்ததில்லை. ஆகவே ‘நடைமுறை’ என்ற சொல்லை நம்பியே பணம் கட்டினேன்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. நபர், சூழல், உடல்நலம், செவிலியப் பணி ஆகிய நான்கைப் பற்றியும் ஒரு கோட்பாடு என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டே படித்தால் குழப்பம் குறையும் என்று ஆசிரியை முதல் வகுப்பிலேயே ஒரு பிடி கொடுத்துவிட்டார். நவீன செவிலியத்தின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட ‘செவிலியம் பற்றிய குறிப்புகள்’ செவிலியர்களுக்கான பாடநூலாக அல்லாமல், வீட்டில் பிறரின் உடல்நலத்தைக் கவனிக்கும் பெண்களை எண்ணி எழுதப்பட்டவை என்பதையும், தூய காற்று, தூய நீர், முறையான வடிகால், தூய்மை, வெளிச்சம் ஆகிய ஐந்தை நலமான வீட்டுக்கு அவர் இன்றியமையாதவையாகக் கொண்டார் என்பதையும் ஆசிரியை அலுப்பில்லாமல் விளக்கினார்.

நான்காம் வாரத்தில் வந்த டோரதியா ஓரெமின் சுயபராமரிப்புக் கோட்பாட்டுக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஒருவருக்குத் தேவைப்படுவதற்கும் அவரால் இயல்வதற்கும் இடையே உள்ள குறைதான் செவிலியரை அழைக்கிறது என்பதும், அக்குறையை முழுவதுமாக ஈடுசெய்வது, ஓரளவு ஈடுசெய்வது, துணைநின்று கற்பிப்பது என்று பணி மூன்று வகைப்படும் என்பதும் அதன் சாரம். எங்கள் பிரிவில் இன்சுலின் புதிதாகத் தொடங்கிய நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, ‘ஊசி போடும் முறை கற்பிக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவது வழக்கம். ஊசிக்குழலின் கோடுகள் அவர் கண்ணுக்குத் தெரிகின்றனவா, கை நடுங்குகிறதா, வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மருந்தை மண்பானையில் குளிர்ச்சியாக வைக்கத் தெரியுமா, விடிகாலையில் வேலைக்குப் போய்விடும் மகனை நம்பியிருக்கிறாரா என்பவற்றை அந்த வரி கேட்பதேயில்லை. இப்போதெல்லாம் நோயாளியோ அவரைப் பார்த்துக்கொள்பவரோ என் கண்முன் மருந்தை இழுத்துக் காட்டாமல் நான் அதை எழுதுவதில்லை. அப்படிக் காட்டச் சொன்னபோதுதான், ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ள மருந்துக்கு, மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்று கோடிட்ட ஊசிக்குழலைக் கடையில் வாங்கி வந்திருந்த ஒருவரைக் கண்டுபிடித்தேன். அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால், சொன்ன எண் வரை அவர் சரியாக இழுத்திருந்தும் உடலுக்குள் போகும் அளவு பாதிக்கும் கீழே குறைந்திருக்கும். இதற்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது என்பதையும், ஆள் பற்றாக்குறையான இரவுப் பணியில் இது எல்லோருக்கும் இயலாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதைப் பற்றி வகுப்பு வாயே திறக்கவில்லை.

ஆறாம் வாரம் பெரிய ஏமாற்றம். நோயாளியின் பண்பாட்டைக் கணக்கில் எடுக்கும் மேடலின் லெய்னிங்கரின் கோட்பாட்டைக்கூட அமெரிக்க எடுத்துக்காட்டுகளைக் கொண்டே நடத்தினார்கள். நம் பிள்ளைப்பேற்றுப் பத்தியத்தைவிடப் பொருத்தமான பாடம் வேறெங்கே கிடைக்கும்? பூண்டும் பிரசவ லேகியமும் தாய்க்கு ஒத்துக்கொண்டால் அப்படியே இருக்கட்டும் என்று விடுவது, லெய்னிங்கர் சொல்லும் மூன்று வழிகளில் முதல் வழி. தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் பாட்டியிடம் வெந்நீராகவோ சீரகத் தண்ணீராகவோ தாராளமாகக் கொடுக்கலாம் என்று பேசி இணங்கவைப்பது இரண்டாம் வழி. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் வழக்கத்தைக் காரணம் சொல்லி மாற்றுவது மூன்றாம் வழி. மகப்பேறு வார்டில் ஒரு மாதம் வேலை பார்த்த எவரும் பத்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய இவற்றை விட்டுவிட்டு, படங்களுக்கு மேல் படமாகக் காட்டிக்கொண்டே போனார்கள்.

ராய், நியூமன், வாட்சன் என்ற கோட்பாட்டாளர்கள் மூவரையும் ஒரே மாலையில் அடைத்துவிட்டார்கள். எதுவும் மனத்தில் நிற்கவில்லை. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே சிகிச்சையாகக் கண்ட பெப்லாவின் 1952ஆம் ஆண்டுக் கோட்பாட்டுக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்கினார்கள். இறுதித் தேர்வோ பெயரையும் ஆண்டையும் பொருத்தச் சொல்லும் பழைய முறைதான்.

முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இவ்வகுப்பு போதும். வார்டில் இருப்பவர்கள் முதல் நான்கு வாரங்களுக்காகச் சேரலாம். பதிவுகள் 30 நாளில் மறைந்துவிடுவதால் ஓரெம் வகுப்பை உடனே மறுமுறை கேட்டுவிடுவது நல்லது. உண்மையான நோயாளிகளின் நிலையை வைத்து ஒரு கலந்துரையாடல் வகுப்பு நடத்தும்படி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன்; பதிலாக என் சான்றிதழை இன்னொரு முறை அனுப்பிவைத்தார்கள்.