பேக்கர் ராட் மெஷின் என்று சொல்லி 64,000 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்: ஜாயின்ட் வேலை செய்பவர்கள் கவனிக்கவும்

கான்கிரீட் ஜாயின்ட் சீலிங் வேலை எடுத்துச் செய்பவர்கள், குறிப்பாக ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் யார்டு வேலை பார்ப்பவர்கள், இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். நின்றபடியே தள்ளிக்கொண்டு போனால் ஜாயின்டுக்குள் பேக்கர் ராடை, அதாவது சீலன்டுக்கு அடியில் வைக்கும் நுரைக் கயிற்றை, அமுக்கிக்கொண்டே வரும் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 64,000 ரூபாய். முழுப் பணமும் முன்பணமாக. வந்து சேர்ந்தது எடைக்குப் போட்டால் ஆயிரம் ரூபாய் தேறுமா என்று தெரியாத ஒரு சாமான். பணம் திரும்பி வராது என்பது நேற்றுத்தான் உறுதியானது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரிக் கருவி வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

விற்றவன் பெயரையும் இணையதளத்தின் பெயரையும் போடவில்லை. வக்கீல் வேண்டாம் என்கிறார். மெஷின், ஹார்டுவேர், தொழிற்சாலைச் சாமான் என்று எதைத் தேடினாலும் வரிசையாக விற்பனையாளர்களைக் காட்டி, நம் நம்பரை வாங்கிக்கொண்டு, அடுத்த நிமிஷமே ஊர்பட்ட பேரைப் போனில் பேச வைக்குமே, அந்த வகைத் தளம். புரிந்திருக்கும்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். லாரி நிற்கும் யார்டுக்குப் போடும் கான்கிரீட் தளத்தை நாலு, நாலரை மீட்டருக்கு ஒரு தடவை வெட்டிவிடுவோம். தளம் எப்படியும் விரிசல் விடும், அது நாம் வெட்டிய கோட்டிலேயே விடட்டும் என்பதற்காக. அந்த வெட்டுதான் ஜாயின்ட். முதல் வெட்டு மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம்தான். அப்புறம் மேல்பகுதியை மட்டும் 10 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்தி, கழுவி, காயவிட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்து, உள்ளே பேக்கர் ராடை அமுக்கி, அதன்மேல் ஜாயின்டை அடைக்கும் பசையான சீலன்டை விடுவோம். ராட் என்றால் இரும்புக் கம்பி இல்லை, பாலிஎதிலீன் நுரையில் செய்த கயிறு. ஜாயின்டைவிடக் கால்பங்கு பருமன் கூடுதலாக இருக்க வேண்டும், 10 மில்லிமீட்டர் ஜாயின்டுக்கு 13 மில்லிமீட்டர் ராட். அப்போதுதான் இறுகி நிற்கும். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால், தளம் சுருங்கி ஜாயின்ட் விரியும்போது இழுக்க இடமில்லாமல் கிழிந்துவிடும்.

இதில் ஆழம்தான் காசு. 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு 6 மில்லிமீட்டர் கனம் சீலன்ட் போதும். ஒரு மீட்டருக்கு 60 மில்லி. சீலன்ட் வரும் நீளப் பொட்டலத்தைச் சாசேஜ் என்போம், 600 மில்லி சாசேஜ் ஒன்றில் பத்து மீட்டர் ஓடும். ராட் நாலு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டால் மீட்டருக்கு 100 மில்லி குடிக்கும், அதே சாசேஜ் ஆறு மீட்டரோடு முடிந்துவிடும். எங்கள் யார்டில் ஜாயின்ட் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். 200 சாசேஜ் போக வேண்டிய இடத்தில் 330-க்கு மேல். சிலிக்கான் சீலன்ட் விலை தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கையால் அமுக்கினால் ஆழம் ஒரே மாதிரி வராது. குந்தி உட்கார்ந்து மரப்பட்டையால் அழுத்திக்கொண்டே நகர வேண்டும். மதியத்துக்கு மேல் யாருக்கும் முதுகு நிமிராது. அவசரத்தில் எவனாவது ஸ்க்ரூடிரைவரை எடுத்து ராடைக் குத்துவான். குத்துப்பட்ட ராட் உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடும், வெயில் ஏற ஏறச் சீலன்டில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதையெல்லாம் வெட்டி எடுத்து மறுபடியும் போட வேண்டும். அதனால்தான் இந்தக் கருவி. இரண்டு பக்கச் சக்கரங்கள் தளத்தின் மேல் ஓடும். நடுச் சக்கரம் மெல்லியதாக, விளிம்பு மழுங்கலாக இருக்கும். எவ்வளவு கீழே இறங்க வேண்டுமோ அதற்குப் பொருத்திவிட்டால் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். எளிமையான சாமான், எஞ்சின்கூட இல்லை. வெளிநாட்டில் தயாராவது நம் ஊர்க் கடைகளில் சட்டென்று கிடைப்பதில்லை. அந்த இணையதளத்தில் தேடினேன்.

அன்று பேசியவர்களில் பலருக்குப் பேக்கர் ராட் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஒருவர் ஸ்டீல் ராடுக்கு விலை சொன்னார். இந்த ஆள் மட்டும் வேறு மாதிரி. விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "ஜாயின்ட் அகலம் எவ்வளவுண்ணே? சீலன்ட் சிலிக்கானா, பாலிசல்பைடா? ஹாட் போர்னா ராடே வேற போடணும், தெரியும்ல?" என்றான். சூடாக ஊற்றும் சீலன்டுக்குச் சாதா நுரை ராட் உருகிவிடும், அதற்கென்று சூடு தாங்கும் ராட் தனியாக உண்டு. சைட்டில் நிற்காதவனுக்கு இது தெரிய வழியில்லை. அதோடு விட்டானா? "குடோனுக்கு உள்ள ஃபோர்க்லிஃப்ட் ஓடுற தளம்னா இது வேணாம்ணே. அங்க ராட் போடாம எபாக்சிதான் முழு ஆழத்துக்கும் நிரப்பணும். வெளி யார்டுன்னா மட்டும் எடுங்க" என்றான். தன் சாமானை வாங்காதே என்று சொல்லும் விற்பனையாளனை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? அந்த இடத்தில்தான் அவனை நம்பினேன். சொன்னது அத்தனையும் சரியான தகவல் என்பதுதான் இப்போது நினைத்தாலும் வயிற்றெரிச்சல். தொழில் தெரிந்த திருடன்.

சாயங்காலம் வீடியோ காலில் வந்தான். ஏதோ ஒரு சிமென்ட் ரோட்டில் சிவப்புச் சக்கரம் வைத்த கருவியை ஒருவர் தள்ளிக்கொண்டு போகிறார், ராட் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். ஸ்கேலை உள்ளே விட்டுக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். 11 மில்லிமீட்டர், இன்னொரு இடத்தில் வைத்தாலும் 11. எனக்கு வேண்டியது அதுதான், 6 மில்லிமீட்டர் சீலன்ட் போக மேலே 5 மில்லிமீட்டர் பள்ளமாக விட வேண்டும். "இம்போர்ட் பீஸ்ணே. மூணு வந்துச்சு, ரெண்டு போயிடுச்சு. ஜிஎஸ்டி பில்லோட 64,000. உங்களுக்காக நாளைக்கு மதியம் வரைக்கும் வெச்சிருக்கேன்." புரொஃபார்மா இன்வாய்ஸ், அதாவது விற்பனைக்கு முன் அனுப்பும் உத்தேசப் பில், வந்தது, ஜிஎஸ்டி நம்பர், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. தளத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற அடையாளமும் இருந்தது. மறுநாள் காலை 64,000 ரூபாயை அனுப்பினேன். "வந்துடுச்சுண்ணே, தெய்வம்ணே நீங்க" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டான். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பார்சல் லாரி செட்டில் மரப்பெட்டி வந்தது. லாரி வாடகையும் என் தலையில். பிரித்துப் பார்த்தால் வீடியோவில் கண்டதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிவப்புப் பெயின்ட் மட்டும்தான் ஒற்றுமை. தண்ணீர்க் குழாயை வளைத்துக் கைப்பிடி, எங்கோ வெல்டிங் பட்டறையில் ஒட்டிய வேலை, பிசிறுகூடத் தேய்க்கவில்லை. நடுச் சக்கரம் 12 மில்லிமீட்டர் கனத்தில் தகட்டை வட்டமாக வெட்டியது. எங்கள் ஜாயின்ட் 10 மில்லிமீட்டர். உள்ளேயே போகாது! மேஸ்திரி ஒரு தடவை சக்கரத்தைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். "சார், இது எதுக்கு சார்?" என்றார்.

உடனே கூப்பிட்டேன். இனிமேல்தான் இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய சங்கதி.

அவன் பதறவே இல்லை. "அடடா, ஸ்டோர்ல மாத்திப் போட்டுட்டானுங்கண்ணே. திருப்பி அனுப்பி வர்றதுக்குள்ள உங்க வேலை நின்னுடும். பக்கத்துல லேத்ல குடுத்து 7 மில்லிமீட்டருக்குத் தட்டிக்கங்க, அந்தக் காசை நான் போட்டு விடுறேன்" என்றான். கட்டுமானக் கம்பெனியின் இஞ்சினியர் தினமும் தேதி கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. படப்பையில் ஒரு பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கமும் சீவினோம். சீவிய பிறகு உள்ளே போனது. ஆனால் பேரிங் ஆட்டம், சக்கரம் நேராக நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்தது. விளிம்பு ராடை அமுக்குவதற்குப் பதில் அறுத்தது. ஆழம் வைக்கும் போல்ட் கொஞ்ச தூரம் போனதும் தானாக லூஸாகி ஒரு இடத்தில் 8, ஒரு இடத்தில் 19. எல்லாவற்றுக்கும் மேலாக, சாய்ந்த சக்கரம் ஜாயின்டின் ஓரத்தில் இடித்துக் கான்கிரீட் முனை பெயர்ந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு இஞ்சினியர் வேலையை நிறுத்தச் சொன்னார். பெயர்ந்த இடங்களை எபாக்சி மார்ட்டர் வைத்து நாங்கள் எங்கள் செலவில் சரிசெய்தோம். 64,000 ரூபாய்க்கு மேல் இது தனி.

மறுபடியும் கூப்பிட்டேன். "சார், நான் இப்ப டிரைவிங்ல இருக்கேன்." அடுத்த தடவை, "டெக்னிக்கல் டீம் பேசுவாங்க சார்." டெக்னிக்கல் டீம் என்று பேசியது ஒரு பெண், பின்னால் குக்கர் விசில் கேட்டது. போட்டோ அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் வந்த பதில்: சக்கரத்தைச் சீவி மாற்றியிருக்கிறீர்கள், மாற்றம் செய்த பொருளுக்கு வாரண்டியும் கிடையாது, திரும்ப எடுக்கவும் முடியாது. அவனையே கூப்பிட்டு, லேத்தில் கொடுக்கச் சொன்னதே நீங்கள்தானே என்றேன். "அப்படி எழுத்துல ஏதாவது இருக்கா சார்?" அதே குரல்! தெய்வம் என்று சொன்ன அதே வாய்! அவன் அதைப் போனில் மட்டும்தான் சொல்லியிருந்தான். மற்ற எல்லாவற்றுக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டவன், இதை மட்டும் பேச்சோடு நிறுத்திக்கொண்டான். வேண்டுமென்றே விரித்த வலை. சாமானை நம் கையாலேயே மாற்ற வைத்துவிட்டால் அதற்கப்புறம் அவனுக்குக் கவலையே இல்லை.

இணையதளத்துக்குப் புகார் போட்டேன். முதலில் தானியங்கி பதில், அப்புறம் ஒரு டிக்கெட் எண், அப்புறம் 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு மெசேஜ். என்ன தீர்ந்தது? போராடி ஒரு ஆளைப் போனில் பிடித்தேன். "நாங்க வாங்குறவங்களையும் விக்கிறவங்களையும் சேர்த்து வைக்கிறதோட சரி சார். பணம் எங்க வழியா வரலையே" என்றார். அப்படியானால் அந்தச் சரிபார்க்கப்பட்ட அடையாளம் எதற்கு என்று கேட்டேன். சந்தா கட்டியவர்களுக்கு ஆவணங்களை வாங்கிப் பார்த்துக் கொடுப்பது, பொருளின் தரத்துக்கு அதில் சம்பந்தம் இல்லை என்றார். இதை அந்த அடையாளத்துக்குக் கீழேயே எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? என் 64,000 ரூபாயில் அவர்களுக்கு ஒரு பைசா பொறுப்பு இல்லையாம். ஆனால் இன்றைக்கும் "வேறு விற்பனையாளர்கள் தேவையா" என்று மெசேஜ் அனுப்புகிறார்கள்.

நேற்று ஆடிட்டர் கடைசி ஆணியை அடித்தார். 64,000-இல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறது, ஏறக்குறைய 9,760 ரூபாய். அதையாவது இன்புட் கிரெடிட்டாக, அதாவது நான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுக்கலாம் என்று பார்த்தால், விற்றவர்கள் கணக்குக் காட்டிய பில்கள் வரும் ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் அந்தப் பில்லே இல்லை. புரொஃபார்மா என்பது பில்லே அல்ல என்றார். அந்த ஜிஎஸ்டி நம்பரைப் போர்ட்டலில் போட்டுப் பார்த்தார். பதிவு ரத்து என்று வந்தது. இல்லாத வரியையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறான். இப்போது அவன் நம்பர் என் போனிலிருந்து போவதில்லை. மேஸ்திரி போனிலிருந்து அடித்தால் ரிங் போகிறது.

கையால்தான் ராட் போட்டு வேலையை முடித்துக்கொண்டிருக்கிறோம். மரப்பட்டையில் குறுக்கே ஒரு கட்டையை ஆணியடித்து, 11 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காதபடி மேஸ்திரி ஒன்று செய்திருக்கிறார். அந்த 64,000 ரூபாய்ச் சாமானைவிட அது ஒழுங்காக வேலை செய்கிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்று சொன்னேன், மணி பதினொன்று ஆகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விற்பவரின் ஜிஎஸ்டி நம்பரை ஜிஎஸ்டி போர்ட்டலில் யார் வேண்டுமானாலும் லாகின் இல்லாமல் பார்க்கலாம், பணம் அனுப்பும் முன் பாருங்கள். நடுச் சக்கரத்தின் கனம், விளிம்பு மழுங்கலா, ஆழம் எப்படிப் பூட்டுகிறது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். முழு முன்பணம் கேட்டால் போனை வையுங்கள். தப்பான சாமான் வந்தால் யார் என்ன சொன்னாலும் அதில் கை வைக்காதீர்கள், லேத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். பணம் அனுப்பியதுமே ஆள் மாயமானால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், நேரம் போனால் கணக்கை முடக்குவது கஷ்டம்.

அந்த விளம்பரம் இன்று காலையிலும் அப்படியே இருந்தது. அதே சிவப்புச் சக்கரப் படம், விலை மட்டும் 59,000. பேக்கர் ராட் கருவிக்கு "மூணு வந்துச்சு, ரெண்டு போயிடுச்சு" என்று உங்களிடமும் எவனாவது பேசியிருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். ஒருவராகப் போவதைவிட நான்கு பேராகப் புகார் கொடுத்தால் எடுப்பார்கள் என்று வக்கீல் சொல்கிறார்.