அறுபது சதவீதம், எதில் அறுபது?

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் பிறந்தது சென்னையில்தான். இன்று இங்கே கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. இரண்டு மையங்களை விசாரித்த தம்பதியிடம் ஒன்று தன் வெற்றி விகிதம் 60 சதவீதம் என்றும், மற்றது 33 என்றும் சொன்னதாக வைத்துக்கொள்வோம். பலரும் முதலாவதைத்தான் நாடுவார்கள். ஆனால் இரண்டும் ஒரே திறனுள்ளவையாக இருக்கக்கூடும்.

கணக்கைப் பாருங்கள். 100 பெண்களுக்கு முட்டை எடுக்கப்பட்டு, 75 பேருக்குக் கருப்பையில் கரு வைக்கப்பட்டு, 45 பேருக்கு, கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான பீட்டா எச்.சி.ஜி. பாசிட்டிவ் ஆகி, கருச்சிதைவுகள் போக 33 பேர் குழந்தை பெற்றால், 75-இல் 45 என்பது 60 சதவீதம். 100-இல் 33 என்பது 33 சதவீதம். முன்னது கரு வைத்தவர்களில் பாசிட்டிவ் ஆனவர்களைச் சொல்கிறது. பின்னது முட்டை எடுத்தவர்களில் தாயானவர்களை. என் வரையில் பின்னதே பயனுள்ள எண்.

கரு வைக்கும் கட்டத்தை எட்டாத அந்த 25 பேர் எங்கே போனார்கள் என்பதை முட்டை எடுத்த மறுநாள் ஆய்வகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு புரியவைக்கும். 12 முட்டைகள் கிடைத்தன என்று முந்தைய நாள் மகிழ்ந்திருப்போம். அவற்றில் முதிர்ந்தவை ஒன்பது அல்லது பத்து, கருவுற்றவை ஆறோ ஏழோ, ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட் எனும் வளர்ந்த கரு நிலையை எட்டுபவை மூன்று என்பது சாதாரணமாக நடப்பதுதான். வயது கூடினால் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம்.

இதே வயதில்தான் அடுத்த குழப்பமும் வருகிறது. 42-ஐத் தாண்டியவருக்குத் தன் முட்டையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கிவிட, தான முட்டையிலோ கொடுப்பவரின் வயதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. இவ்விரு வகையையும் ஒரே சதவீதத்தில் கலந்து சொல்லும் மையத்தில், 'என் வயதில், சொந்த முட்டையில் எவ்வளவு?' என்று தனியே கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

இன்னொன்று: முட்டைகளை வளர்க்கும் ஊசி போடத் தொடங்கியும், முட்டை வளரும் சிறு பைகள் வளராததால் பாதியில் நிறுத்தப்பட்டவர்கள், 33 என்று சொன்ன மையத்தின் கணக்கிலும் இல்லை.