'செட்', 'ரன்': எதில் பொருள் அதிகம்?

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைத் தாங்கும் சொல் எது என்ற கேள்விக்கு நெடுங்காலம் 'செட்' என்பதே விடையாக இருந்தது. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு அதற்கு 430 பொருள்களைத் தந்திருந்தது. பின்னர் அகராதியைத் திருத்தியபோது, 'ரன்' என்பதன் வினைப் பொருள்கள் மட்டுமே 645 எனக் கண்டு, அதற்கே முதலிடம் தரப்பட்டது.

அலாரம் வைப்பது, முறிந்த எலும்பைப் பொருத்துவது, வினாத்தாள் தயாரிப்பது, சிமென்ட் இறுகுவது ஆகிய அனைத்துக்கும் 'செட்' பொருந்தும். ஓரிடத்தில் நிலைப்படுத்துதல் என்ற கருத்து இவற்றுக்கு அடியில் இருக்கிறது. தொகுதியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லோ பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல். எழுத்து ஒன்றாக அமைந்ததால் கற்பவர் குழம்புவது இயல்பே. 'செட் ஆஃப்' என்றால் பயணம் கிளம்புவதும் ஆகலாம், வெடிகுண்டை வெடிக்கச் செய்வதும் ஆகலாம்.

'ரன்' அப்படியன்று. ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியின் சாயம் பரவுவது, இயந்திரம் இயங்குவது, மென்பொருளை இயக்குவது, நிறுவனத்தை நடத்துவது, தேர்தலில் போட்டியிடுவது என எங்கு சென்றாலும் இடையறாத இயக்கம் என்ற கருத்து பெரும்பாலும் கூடவே வருகிறது. எண்ணிக்கையில் பெரிதானாலும், முதலில் கற்க வேண்டியது 'ரன்' என்பதே என் உறுதியான கருத்து.