உள்ளங்காலையும் நகத்தையும் பார்த்த டாக்டரம்மா: தண்டையார்பேட்டை தோல் கிளினிக்

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக் நான். 2013இல் எனக்கு ஹேரி செல் லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய் வந்தது. லுகேமியா வருகிற நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான் இந்த வகை. மண்ணீரல் வீங்கி, நாலு கவளம் சாப்பிட்டாலே வயிறு அடைத்துவிடும். ஏழு நாள் கிளாட்ரிபின் என்கிற புற்றுநோய் மருந்தை ஏற்றினார்கள், அடங்கியது. அப்புறம் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை மட்டும்தான்.

போன மாதம் ஒரு இடத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். 3,500 ரூபாய். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி ஒருவரும் பார்க்கவில்லை. "இந்த நோய் வந்தவங்களுக்கு வேற கேன்சரும் வருமாமே?" என்று கேட்டேன். "அதான் சரியாயிடுச்சே சார்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் இந்த கிளினிக்கைத் தங்கச்சிதான் சொன்னாள். டாக்டரம்மா முதலில் என் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை வரிவரியாகப் படித்தார். பிறகு லென்ஸ் வைத்த கைவிளக்கோடு உச்சந்தலை, காதுமடல், முதுகு, விரல் இடுக்கு என்று பார்த்துக்கொண்டே வந்து உள்ளங்காலில் நின்றார். "வெயில் படாத இடமாச்சேம்மா" என்றேன். நம் மாதிரி கறுத்த தோலில் மெலனோமா என்கிற தோல் புற்று வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகமாம். என் இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புத் திட்டு. நான் கிரீஸ் என்றே நினைத்திருந்தேன். ஸ்பேனர் நழுவி அடிபட்ட ரத்தக்கட்டு, நகம் வளர வளர முன்னால் நகர்ந்துவிடும், நகராமல் அகலமானால் உடனே வரணும் என்று சொல்லிப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

என் கேள்விக்கும் மழுப்பாமல் பதில் வந்தது. சில ஆய்வுகளில் இரண்டாவது புற்றுநோய், குறிப்பாகத் தோலிலும் நிணநீர்க் கட்டிகளிலும், கூடுதலாகத் தெரிகிறது. சிலவற்றில் மற்றவர்களைப் போலத்தான். மருந்தாலா, நோயாலேயா, எதிர்ப்புச் சக்தி குறைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கிளாட்ரிபின் குறைத்த டி செல்கள், அதாவது நோயை எதிர்க்கிற ரத்த அணுக்கள், மறுபடி ஏறச் சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகுமாம். நோய் திரும்பி வெமுராபெனிப் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தோலை இன்னும் அடிக்கடி காட்ட வேண்டும், ஒருவகைத் தோல் புற்று அந்த மாத்திரையின் பக்கவிளைவாகவே வரக்கூடும் என்றார். இவ்வளவையும் ஒருவர் உட்கார்ந்து சொன்னதிலேயே எனக்குப் பாதி பயம் போனது.

குறையும் உண்டு. மாடியில் கிளினிக், செங்குத்தான படி, லிஃப்ட் கிடையாது. சிகிச்சையில் சோர்ந்தவர்கள் எப்படி ஏறுவார்கள்? கீழே ஒரு நாற்காலியாவது போடலாம். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். கட்டணம் 600 ரூபாய், எனக்கு அது நியாயம்தான்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் பழைய பைலைக் கையோடு எடுத்துப் போங்கள், அதைப் படிக்காமல் அவர் விளக்கைக் கையில் எடுப்பதில்லை.