303-ஆ, 710-ஆ: பிளைவுட்டில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

சென்னை சைடன்ஹாம்ஸ் ரோட்டில் நாலு பிளைவுட் கடை ஏறி, 18 எம்.எம். கனப் பலகை என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். சதுர அடி 55 ரூபாய் என்றும் பதில் வரும், 150 என்றும் வரும். ஒரு ஷீட் எட்டுக்கு நாலு, அதாவது 32 சதுர அடி. ஷீட்டுக்கு மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே சிவப்பில்தான் இருக்கும்.

விலை இப்படி விலகுவதற்கு முக்கியக் காரணம் இரண்டு. ஒன்று மர ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் பசை, இன்னொன்று உள்ளே இருக்கும் மரம். கடையில் சொல்லும் கிரேடு முக்கால்வாசி பசையைப் பற்றியது. விலையை ஏற்றி இறக்குவதில் மரத்துக்குப் பெரிய பங்கு. அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

முதலில் பசை. கமர்ஷியல் என்று விற்கும் எம்.ஆர். (ஈரம் தாங்கும்) கிரேடும், அதற்கு மேலே உள்ள பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) கிரேடும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரத்தில் வருபவை. மரைன் என்று சொல்லப்படும் பி.டபிள்யூ.பி. (கொதிநீரிலும் பிரியாத) கிரேடு ஐ.எஸ். 710. எம்.ஆர். பிளையில் இருப்பது யூரியா பசை. காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். 8 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாது. 710 என்றால் 72 மணி நேரம். அதற்குப் போடுவது ஃபீனால் பசை, அறுத்த ஓரத்தில் கரும்பழுப்புக் கோடுகளாகத் தெரியும். யூரியா பசை வெளிறித் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அதைவிட நல்ல வழி உண்டு. கடையில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று கேளுங்கள். சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் கொதிக்க விடுங்கள். எம்.ஆர். துண்டு சில மணி நேரத்தில் ஓரம் உப்பி, நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி ஏடு ஏடாக விரியும். 72 மணி நேரமெல்லாம் வீட்டில் யாரும் அடுப்பு எரிக்கப் போவதில்லை. 8 மணி நேரம் தாங்கி, நகத்தால் நெம்பியும் ஏடு பிரியவில்லை என்றால், அது கமர்ஷியலை மரைன் என்று விற்ற சரக்கு இல்லை என்ற அளவுக்காவது நிம்மதி.

அடுத்தது மரம். கதை இங்கேதான் இருக்கிறது. பிளைவுட்டில் பெரிய பெயர் கர்ஜன் மரத்துக்கு. அது பெரும்பாலும் மியான்மரிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2014-ல் அந்த நாடு உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு கர்ஜன் விலை எங்கோ போய்விட்டது. இன்று பல கம்பெனிகள் கர்ஜனையோ ஒக்கூமே என்ற ஆப்பிரிக்க மரத்தையோ மேல் ஏட்டுக்கு மட்டும் வைத்து, உள்ளே வேறு மரம் போடுகின்றன. அந்த மேல் ஏட்டின் கனம் அரை எம்.எம். கூட இருக்காது. சிவப்பைப் பார்த்து விலை பேசுவதில் அர்த்தமே இல்லை.

ஹார்டுவுட் என்று கடையில் சொல்வது பெரும்பாலும் யூகலிப்டஸ் கோர், அதாவது உள் ஏடுகள் யூகலிப்டஸ். ஹரியானாவின் யமுனாநகர் சரக்கில் பாப்ளரும் யூகலிப்டஸும் ஓடும். கேரளத்துப் பெரும்பாவூர் சரக்கில் ரப்பர் மரம் அதிகம். நம் ஊரில் மலைவேம்பையும் பிளைவுட்டுக்கென்றே வளர்க்கிறார்கள். பாப்ளர் மென்மையானது, ஸ்க்ரூ பிடிப்பு குறைவு. கீல் போட்ட இடம் சில வருஷத்தில் லொடலொடக்கும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், மருந்து ஏற்றாவிட்டால் வண்டு துளைத்து மாவாக உதிர்த்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாததை எடை காட்டிக்கொடுக்கும். 18 எம்.எம். முழு ஷீட், கெட்டி மரமாக இருந்தால் 35 கிலோவை ஒட்டி நிற்கும். பாப்ளர் 28 கிலோ பக்கம். லோடு ஏற்றும் ஆளிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

சதுர அடி விலை தோராயமாக இப்படி, 18 எம்.எம்.முக்கு, ரூபாயில்: எம்.ஆர். 55-70, பி.டபிள்யூ.ஆர். 70-95, கர்ஜன் இல்லாத 710 என்றால் 90-120, கர்ஜன் கோர் 710 அதற்கு மேலே. ஊர், பிராண்டு பார்த்து மாறும். சிக்கலான இடம் 90 ரூபாய். அந்த விலைக்கு நல்ல கம்பெனியின் ஹார்டுவுட் பி.டபிள்யூ.ஆரும் கிடைக்கும், பேர் தெரியாத கம்பெனியின் 710-உம் கிடைக்கும். என் ஓட்டு முதலாவதற்கு. 710 என்று முத்திரை குத்திவிட்டு மரத்தில் கை வைத்த பலகையைவிட, ஒரு படி கீழே நேர்மையாக நிற்கும் பலகை மேல்.

வீடு முழுக்க 710 போடச் சொல்லும் ஆசாரியிடம் காரணம் கேளுங்கள். (சில கடைகளில் ஆசாரிக்குக் கமிஷன் உண்டு. ஊரறிந்த விஷயம்தான்.) சிங்க் அடி, கிச்சன் கீழ் அலமாரி, பாத்ரூம் வாஷ்பேசின் பெட்டி, இந்த மூன்றுக்கும் 710 தேவை. பெட்ரூம் அலமாரி, டி.வி. யூனிட், லாஃப்ட் எல்லாவற்றுக்கும் ஹார்டுவுட் பி.டபிள்யூ.ஆர். தாராளம். எம்.ஆர். உள் அறையில், தண்ணீர் எட்டாத இடத்தில் மட்டும். கடலோர ஊரில், அதுவும் பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரிக்கு அதை நான் தொடமாட்டேன். ஏழடி அலமாரிக் கதவுக்கு பிளைவுட்டே வேண்டாம், நடுவில் மரக்கட்டைத் துண்டுகளை அடுக்கி ஒட்டிய பிளாக் போர்டு (block board) போடுங்கள். எடை குறைவு, நீளத்தில் வளைவதும் குறைவு.

எது வாங்கினாலும் ஷீட்டின் நாலு ஓரத்தையும் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே ஓட்டை இருந்தாலோ, புட்டி பூசி மறைத்திருந்தாலோ வேறு ஷீட் கேளுங்கள். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் உள்ளே இடைவெளி இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். அப்புறம் கனம். 18 என்று விற்பது அளந்தால் 16-ஆக இருப்பது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. வெர்னியர் என்ற கனம் அளக்கும் கருவியை வைத்து ஓரத்தில் நாலு இடம் அளந்து, 17-க்குக் கீழே போனால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையில் மேலே 303 அல்லது 710, கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். அந்த எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தத் தரத்துக்கு வாங்கிய உரிமம் என்று காட்டும். 303-க்கு வாங்கிய எண் 710 முத்திரையின் கீழே இருந்தால் ஷீட்டைத் திருப்பி அனுப்பலாம்.

25 வருஷ கியாரண்டி, லைஃப்டைம் கியாரண்டி என்று அட்டை தருவார்கள். பெரும்பாலும் பழுதான ஷீட்டுக்கு மாற்று ஷீட், அவ்வளவுதான். ஒட்டிய மைக்காவும் ஆசாரி கூலியும் நம் தலையில். அந்த மாற்று ஷீட்டுக்கும் பில் வேண்டும். வாயால் சொல்லும் விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, பிராண்டு, கனம், ஐ.எஸ். எண் மூன்றும் எழுதிய பில்லாக வாங்குங்கள். "பிளைவுட் 12 ஷீட்" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து எந்தக் கம்பெனியிடமும் பேச முடியாது.