ஸ்பிரே டப்பாவும் சுருங்கிய ஃபெண்டரும்: இரண்டு வருட அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். தன் கார் பம்பரில் விழுந்த கீறலுக்கு, நான் என் காருக்கு அடித்த அதே 400 மில்லி பெயிண்ட் ஸ்பிரே டப்பாவை வாங்கலாமா என்று கேட்டார். "வேண்டாங்க" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் என்று போனில் சரியாகச் சொல்ல வரவில்லை.

இரண்டு வருடம் முன்பு, ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கப்போய், என் பழைய ஆல்டோ காரின் இடது ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு) சுவரில் உரசியது. அதற்குத்தான் டப்பா வாங்கினேன். வெள்ளை நிறம் அப்படியே பொருந்தியது. நாசில் இன்றுவரை அடைத்ததில்லை, தூவலும் சீராக வரும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டாவது கோட் அடித்த சில நிமிடத்தில், பழைய பெயிண்டும் புதியதும் சேரும் ஓரம் முழுக்கச் சுருங்கியது. ஆறிய பாலில் ஆடை சுருங்குமே, அதே மாதிரி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடித்தேன், மறுபடி சுருங்கியது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின.

கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் பழக்கமான பெயிண்டர் அண்ணனிடம் வண்டியைக் காட்டினேன். "தம்பி, கீழ என்ன பெயிண்ட் இருக்குன்னு பார்த்தியா?" என்றார். லேக்கர் பெயிண்டைக் கரைக்கும் என்.சி. தின்னரில் துணியை நனைத்து ஃபெண்டரில் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்தார். கம்பெனி பெயிண்ட் அசையவில்லை. முந்தைய உரிமையாளர் டச்-அப் செய்த இடம் மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. அது சாதாரண எனாமல். எனாமல் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இறுக நாளாகும். டப்பாவில் இருப்பது லேக்கர், அதாவது தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும் பெயிண்ட். அந்தத் தின்னர் எனாமலுக்குள் இறங்கி ஊற வைக்கிறது. ஊறியது விரிய இடமில்லாமல் மடிகிறது. தேய்த்து மெலிந்த ஓரம்தான் தின்னரை முதலில் குடிக்கும், அதனால் சுருக்கமும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

எனாமலைத் தகடு தெரியும்வரை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த எபாக்ஸி பிரைமரை அடிப்பூச்சாக அடித்து, ஒரு நாள் விட்டு, 600 உப்புத்தாளில் நீர் விட்டுத் தேய்த்தேன். அதன் மேல் அதே டப்பாவின் முதல் கோட்டை நனையாமல் தூசி போல மட்டும் தூவி, பதினைந்து நிமிடம் கழித்து அடுத்தது. சுருங்கவே இல்லை! (பிரைமர் அடிக்கும்போது துணி மாஸ்க் போதாது, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்தான் வேண்டும்.)

இடம், நேரமும் முக்கியம். ஏற்காட்டில் உறவினர் வீட்டில், மூடுபனி இறங்கிய மாலையில் காரின் பக்கக் கண்ணாடியின் கவர் ஒன்றுக்கு அடித்தேன். லேக்கர் காயும்போது பரப்பு குளிரும், ஈரம் அதில் படிந்து பால் போல வெளுத்துவிட்டது. சேலத்து மே மாத நண்பகலில் அடித்தால் பெயிண்ட் போய்ச் சேரும் முன்பே காய்ந்து மணல் மாதிரி ஒட்டும். காலை ஒன்பது மணிக்கு மேல், நிழலில் அடிப்பதே எனக்கு ஒத்துவருகிறது.

இரண்டு வருடத்தில் அந்த ஃபெண்டர் உரியவில்லை, நிறமும் மாறவில்லை. பெட்ரோல் மூடி ஓரத்தில் அடித்தது மட்டும் பெட்ரோல் சொட்டி மழுங்கியது.

இவ்வளவு நல்ல பெயிண்ட். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உள்ளே இருப்பது லேக்கரா எனாமலா என்று டப்பாவில் எங்கேயும் அச்சடிக்கவில்லை. எந்தப் பெயிண்டின் மேல் அடிக்கக் கூடாது என்றும் இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மிஞ்சியிருக்கும். அந்த வரியை அச்சடித்த டப்பா எதுவாக இருந்தாலும், நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், நண்பர் அதை வாங்கட்டும்.