அனுபவமா, பார்த்துச் செய்வதா, ஆய்வா, சொந்தச் சோதனையா? ஆட்களை நிர்வகிக்க நான்கு வழிகள்

யாரை வேலைக்கு எடுப்பது, சம்பளத்தை எப்படி அமைப்பது, வீட்டிலிருந்து வேலை பார்க்க விடலாமா என்று ஒரு நிர்வாகி எடுக்கும் முடிவுகள் பலருடைய வாழ்க்கையைத் தொடுகின்றன. அந்த முடிவுகளுக்குப் பெரும்பாலும் நான்கு இடங்களிலிருந்து ஆதாரம் வருகிறது: தன் அனுபவம், புகழ்பெற்ற நிறுவனங்கள் செய்வது, வெளியான சமூக அறிவியல் ஆய்வுகள், தன் நிறுவனத்திலேயே நடத்திப் பார்க்கும் சோதனை. இவற்றில் எதுவுமே எல்லாக் கேள்விக்கும் முதலிடம் பெறாது. ஆனால் எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்பதை ஓரளவு தெளிவாகவே சொல்ல முடியும்.

ஆட்சேர்ப்பு: அனுபவம் தோற்கும் இடம்

"பத்து நிமிடம் பேசினால் ஆளை எடைபோட்டுவிடுவேன்" என்று சொல்லாத மேலாளர் குறைவு. உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பது பற்றி எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009-இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவரும் இரண்டு நிபந்தனைகளில் உடன்பட்டார்கள்: அந்தத் துறையில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும், முடிவு சரியா தவறா என்பது தெளிவாகத் திரும்பத் திரும்பத் தெரியவர வேண்டும். தீயணைப்புப் படைத் தலைவருக்கு இரண்டும் கிடைக்கின்றன. ஆள் எடுப்பவருக்கு இரண்டாவது கிடைப்பதில்லை. அவர் நிராகரித்தவர்கள் வேறெங்கோ எப்படி வேலை செய்தார்கள் என்பதை அவர் பார்ப்பதே இல்லை. இருபது வருட அனுபவம் இருந்தும் பாதி விடைத்தாள் திருத்தப்படாமலே போகிறது.

இங்கே ஆய்வு நிறையவே பேசுகிறது. ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 1998-இல் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தேர்வுமுறை தந்த மதிப்பெண்ணுக்கும் பிறகு அந்த நபர் வேலையில் காட்டிய திறனுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் இடும் நேர்காணலுக்கு 0.51. மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38. அனுபவ ஆண்டுகளுக்கு 0.18. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு 0.02.

2022-இல் பால் சாக்கெட் குழு இந்த எண்களை மறுபடி ஆராய்ந்தது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் பழைய தொகுப்பாய்வுகளில் ஒரு புள்ளியியல் திருத்தம் அளவுக்கு மீறிச் செய்யப்பட்டிருந்தது என்று கண்டுபிடித்தது. பெரும்பாலான மதிப்புகள் இறங்கின. அறிவுத்திறன் தேர்வு 0.51-இலிருந்து 0.31-க்கு விழுந்தது. ஒரே கேள்விப்பட்டியல் நேர்காணல் 0.42-உடன் முதலிடம் பிடித்தது. மனம்போன போக்கிலான நேர்காணலுக்குக் கிடைத்தது 0.19.

இதைப் பார்த்து "ஆய்வாளர்களே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள், எதற்கு நம்ப வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் ஆய்வை நம்பக் காரணம். தவறு பொதுவில் திருத்தப்பட்டது. அதோடு, ஒழுங்குபடுத்திய நேர்காணல் அரட்டை நேர்காணலைவிட மேல் என்ற வரிசை இரண்டு முறையும் மாறவில்லை. ஒரு மேலாளருக்கு வேண்டியது அந்த வரிசைதான், இரண்டாவது தசம இலக்கம் அல்ல.

இன்னொரு ஆய்வு மனதை விட்டு அகலாதது. ஜேசன் டானா, ராபின் டாஸ், நேத்தனியல் பீட்டர்சன் ஆகியோர் 2013-இல் வெளியிட்டது. மாணவர்கள் சக மாணவர்களை நேர்காணல் செய்து அவர்களுடைய மதிப்பெண் சராசரியைக் கணிக்க வேண்டும். சில நேர்காணல்களில் பதில் சொன்னவர்கள், கேள்விக்குத் தொடர்பில்லாத ஒரு விதியை வைத்து ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார்கள். கேட்டவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் குப்பைப் பதில்களிலிருந்தும் ஒரு சீரான மனிதரை உருவாக்கிக்கொண்டார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்திருந்தால் இன்னும் சரியாகக் கணித்திருப்பார்கள். நேர்காணல் தகவல் தராதது மட்டுமில்லை, இருந்த நல்ல தகவலையும் கலக்கிவிட்டது.

பார்த்துச் செய்வது: நான்கில் பலவீனமானது

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வெற்றி பெற்ற ஒரு நிறுவனம் நூறு விஷயம் செய்கிறது. அவற்றில் எது வெற்றிக்குக் காரணம், எதை மீறி வெற்றி வந்தது என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது. அதே வழக்கத்தைப் பின்பற்றி மூடப்பட்ட நிறுவனங்கள் பட்டியலில் இருக்கவும் இருக்காது. ஊழியர்களைக் கட்டாயமாக வரிசைப்படுத்திக் கடைசி 10 சதவீதத்தினரை வெளியேற்றும் முறை, ஜாக் வெல்ச் தலைமை தாங்கிய காலத்து ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் புகழால் உலகமெங்கும் பரவியது. கட்டாய வரிசைப்படுத்தலை மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது. ஜெனரல் எலக்ட்ரிக்கே பின்னாளில் அந்த முறையிலிருந்து விலகியது. அதேபோல, நேர்காணலில் மூளையைக் கசக்கும் புதிர் கேட்பதைக் கூகுளைப் பார்த்துப் பலர் தொடங்கினார்கள். அவை எதையும் கணிப்பதில்லை, முழு நேர விரயம் என்று கூகுளின் அன்றைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். மூல நிறுவனம் கைவிட்ட பிறகும் நகல்கள் பல வருடம் ஓடுகின்றன. இடையில் வேலை இழந்தவர்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

மற்றவரிடமிருந்து எடுக்கத் தக்கது ஒன்று உண்டு: எதைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற யோசனை. அவ்வளவுதான்.

ஊக்கத்தொகையும் பின்னூட்டமும்: ஆய்வு நிபந்தனையோடு பேசும் இடம்

இந்தக் கேள்விகளில் ஆய்வின் தலைப்பை மட்டும் படிப்பவர் தவறான முடிவுக்கே போவார். எட்வர்ட் லஸியர் 2000-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். கார் கண்ணாடி பொருத்தும் சேஃப்லைட் நிறுவனம் மணிக்கணக்குக் கூலியிலிருந்து கண்ணாடிக் கணக்குக் கூலிக்கு மாறியபோது ஒரு தொழிலாளியின் உற்பத்தி 44 சதவீதம் கூடியது. பலர் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அதில் ஏறக்குறைய பாதிதான், இருந்தவர்களே கூடுதலாக உழைத்ததால் வந்தது. மீதி, வேகமானவர்கள் தங்கியதாலும் புதிதாகச் சேர்ந்ததாலும் வந்தது. அங்கே வேலையை எண்ண முடியும், தரக்குறைவு உடனே தெரிந்துவிடும், குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவாதமும் இருந்தது.

இந்த நிபந்தனைகள் இல்லாத இடத்தில் அதே கருவி என்ன செய்யும்? வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் கடுமையான விற்பனை டார்கெட்டுகளின் அழுத்தத்தில் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, சுமார் 5,300 பேர் வேலை இழந்திருந்தார்கள். குறிப்பான, கடினமான இலக்கு "முடிந்ததைச் செய்" என்பதைவிட நல்ல பலன் தரும் என்று எட்வின் லாக்கும் கேரி லேதமும் பல பத்தாண்டு ஆய்வில் காட்டியது உண்மைதான். எண்ணிக்கை எளிதாகவும் நேர்மை எண்ண முடியாததாகவும் இருக்கும் வேலைக்கு அதை அப்படியே கொண்டுபோவதில்தான் ஆபத்து.

பின்னூட்டத்திலும் இதே கதை. "அடிக்கடி ஃபீட்பேக் கொடுங்கள்" என்பது எல்லாப் பயிற்சி வகுப்பிலும் கேட்கும் அறிவுரை. அவ்ரஹாம் க்ளூகரும் ஆஞ்சலோ டெனிஸியும் 1996-இல் 607 முடிவுகளைத் தொகுத்தபோது, சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகளில் பின்னூட்டம் வேலையைக் கெடுத்திருந்தது. கவனம் வேலையை விட்டுவிட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்ற கேள்விக்குப் போகப்போகப் பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். அப்ரைசல் கூட்டத்தில் அழுதுவிட்டு வந்தவர்களை அறிந்த எவருக்கும் இது புரியும். இந்த இடத்தில் அனுபவத்துக்கு மறுபடி மதிப்பு உண்டு. என்ன சொல்ல வேண்டும் என்பதை ஆய்வு சொல்லலாம். இன்று, இவரிடம், இதைச் சொல்லலாமா என்பது கூட வேலை செய்பவருக்கே தெரியும்.

சொந்தச் சோதனை: வலிமையானது, எல்லோருக்கும் கிட்டாதது

வெளியான ஆய்வை அப்படியே நம்பாமல் இருக்க நல்ல காரணம் இருக்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் 2022-இல் நடத்தையைத் தூண்டும் சிறு மாற்றங்களை ஒப்பிட்டார்கள். ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளில் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவில் அரசு அமைப்புகளுக்காகப் பெரிய அளவில் நடந்த சோதனைகளில் 1.4. வெற்றி பெற்ற முடிவுகளே அச்சேறுவது இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம்.

சொந்தச் சோதனை எவ்வளவு கற்றுத்தரும் என்பதற்கு ஷாங்காயின் சிட்ரிப் பயண நிறுவனம் சிறந்த உதாரணம். அதன் கால்சென்டரில் வீட்டிலிருந்து வேலை செய்ய முன்வந்தவர்களைப் பிறந்த தேதி ஒற்றையா இரட்டையா என்பதை வைத்துப் பிரித்தார்கள். ஒன்பது மாதத்தில் வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியானார்கள். பிறகு விருப்பம் கேட்டபோது, முன்வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அலுவலகத்தையே தேர்ந்தெடுத்தார்கள். தனிமை முக்கியக் காரணம். எந்த இதழிலும் தேடி இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதே நிறுவனம் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யும் முறையை 1,612 பேரிடம் சோதித்தது. அந்த முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. வேலையை விடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, செயல்திறன் குறையவில்லை. மேலாளர்கள் முதலில் உற்பத்தி 2.6 சதவீதம் விழும் என்று நினைத்தார்கள். சோதனை முடிந்தபோது ஒரு சதவீதம் கூடும் என்றார்கள்.

ஆனால் சோதனைக்குப் போதிய எண்ணிக்கையில் ஆட்கள் வேண்டும். வருடத்துக்கு 20 சதவீதம் பேர் வேலையை விடும் இடத்தில், ஒரு மாற்றம் அதை 15-ஆகக் குறைக்கிறதா என்று வழக்கமான புள்ளியியல் உறுதியோடு அறிய, ஒவ்வொரு குழுவிலும் சுமார் 900 பேர் தேவை. நாற்பது பேர் இருக்கும் நிறுவனம் இரண்டாகப் பிரித்து "சோதனை செய்தோம்" என்று சொன்னால், அது தற்செயலைத்தான் படிக்கிறது. அங்கே வெளியான தொகுப்பாய்வே மேல், அதன் எண்களைப் பாதியாகக் குறைத்துப் படித்தாலும்கூட. பெரிய நிறுவனமாக இருந்தாலும் சோதனையில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தோற்ற குழுவுக்கு இழப்பு வரக்கூடாது. இந்த இரண்டையும் உறுதி செய்ய முடியாதவர் சோதனையில் இறங்கக் கூடாது என்றே சொல்வேன்.

சிறிய நிறுவனத்துக்கு என் பரிந்துரை எளியது: ஆட்சேர்ப்பில் தொகுப்பாய்வு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாறு கேள்விகளை எழுதி, ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் அளவை முன்பே வகுத்து, இருவர் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு வருடம் கழித்து, சேர்ந்தவர்களின் வேலையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பள முறையைத் தொடுவதற்கு முன் மட்டும், சேஃப்லைட்டின் நிபந்தனைகளில் எத்தனை உங்களிடம் இருக்கின்றன என்று தொழிலாளர்களிடமே கேளுங்கள்.